2013 மாடல் டீசல் இன்னோவா, 1.6 லட்சம் கி.மீ. ஓடியது: ஆறு பேர் குடும்பத்துக்கு வாங்கலாமா?

வாங்கலாம். ஒழுங்காக ஆயில் மாற்றி வந்திருந்தால் அந்த 2.5 லிட்டர் இன்ஜினுக்கு இது பெரிய ஓட்டமே இல்லை. நான் முதலில் கேட்பது டைமிங் பெல்ட் (இன்ஜினில் வால்வும் பிஸ்டனும் ஒன்றுக்கொன்று ஒத்து இயங்க வைக்கும் பெல்ட்) மாற்றிய பில்லைத்தான். பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி, இன்ஜினையே பிரிக்க வேண்டிவரும். பில் இல்லையா, அந்தச் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.

காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போதே போய் ஸ்டார்ட் செய்து, புகையைக் கவனியுங்கள். முன்பு டி-போர்டாக (வாடகை வண்டியாக) ஓடியதா என்று ஆர்சியில் பாருங்கள்.

அப்புறம், கடைசி சீட்டில் யார் உட்காரப் போகிறார்களோ அவர்களையே அங்கே உட்காரவைத்து, குண்டும் குழியுமான சாலையில் அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். பதிவு 15 ஆண்டுகளுக்குத்தான். 2028 வாக்கில் புதுப்பிக்க வேண்டும். அதையும் சொல்லிப் பேரம் பேசுங்கள்.