ராணுவத்துக்கு நாடாளுமன்றம் பணம் ஒதுக்குவது எப்படி? எந்த டாங்கி, எந்த விமானம் என்பதை எம்.பி.க்கள்தான் முடிவு செய்கிறார்களா?

பணத்துக்கு அனுமதி தருவது நாடாளுமன்றம்தான். எந்த டாங்கி, எந்த விமானம் என்பதை நம் நாட்டில் அது முடிவு செய்வதில்லை. கேள்வியில் நாட்டின் பெயர் இல்லை என்பதால் இந்தியாவை வைத்தே பதில் சொல்கிறேன். பாதுகாப்புக் கணக்குத் துறையில் பல வருஷம் பில் பார்த்தவன் நான். நாடாளுமன்றம் போட்ட ஓட்டு கடைசியில் வந்து சேரும் இடம் எங்கள் மேஜை.

முதலில் ஒரு அடிப்படை விஷயம். சட்டப்படி ஒதுக்கீடு இல்லாமல் இந்தியத் தொகுப்பு நிதியத்திலிருந்து, அதாவது மத்திய அரசின் கஜானாவிலிருந்து, ஒரு ரூபாய்கூட எடுக்க முடியாது. அரசியல் சட்டத்தின் 114வது பிரிவு இதைச் சொல்கிறது. கேட்பதற்குச் சம்பிரதாயமாகத் தெரியலாம். ஆனால் மார்ச் கடைசி வாரத்தில் எங்கள் ஆபீஸில் உட்கார்ந்து பார்த்தால் அதன் கனம் புரியும். ஒரு ராணுவ யூனிட் வண்டிகளுக்கு டயர் வாங்கிவிட்டு பில் அனுப்பியிருக்கும். சரக்கு வந்துவிட்டது, சாங்ஷன் கடிதம் இருக்கிறது, அதிகாரி கையெழுத்தும் இருக்கிறது. ஆனால் அந்தக் கணக்குத் தலைப்பில் அலாட்மென்ட், அதாவது ஒதுக்கிய தொகை, தீர்ந்திருந்தால் பில் திரும்பிப் போகும். அனுப்பியவர் கர்னலா பிரிகேடியரா என்பதெல்லாம் கணக்கில் வராது. நாடாளுமன்றம் கொடுத்த தொகைக்கு மேல் செலவு போகக்கூடாது என்ற விதி நடைமுறைக்கு வருவது அந்த மேஜையில்தான்.

சரி, அந்தத் தொகை எப்படி வருகிறது?

பிப்ரவரி 1ஆம் தேதி பட்ஜெட்டோடு ஒவ்வொரு அமைச்சகத்தின் மானியக் கோரிக்கைகளும் (இன்ன செலவுக்கு இவ்வளவு பணம் வேண்டும் என்று அரசு கேட்பது) மக்களவைக்கு வருகின்றன. பாதுகாப்பு அமைச்சகத்துக்கு நான்கு கோரிக்கைகள். 2025-26க்கு மொத்தம் 6,81,210 கோடி ரூபாய். அதில் சம்பளம், எரிபொருள், ரேஷன், பராமரிப்பு போன்ற வருவாய்ச் செலவுக்கு 3,11,732 கோடி. புதிய தளவாடம், கப்பல், விமானம் வாங்கும் மூலதனச் செலவுக்கு 1,80,000 கோடி. ஓய்வூதியத்துக்கு 1,60,795 கோடி. மீதி 28,682 கோடி சிவில் பிரிவுக்கு. கடலோரக் காவல் படையும் எல்லைச் சாலை அமைப்பும் அந்த சிவில் பிரிவில்தான் வருகின்றன. பலருக்கு இது தெரியாது. அதேபோல பி.எஸ்.எஃப்., சி.ஆர்.பி.எஃப். இரண்டும் உள்துறையின் கணக்கு, இந்த 6.81 லட்சம் கோடியில் சேராது.

மக்களவை ஓட்டுப் போடுவது இந்த நான்கு தொகைகளுக்கு மட்டுமே. அந்த 1.80 லட்சம் கோடியில் எத்தனை விமானம், எத்தனை பீரங்கி என்று தனித்தனியாக ஓட்டெடுப்பு கிடையாது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கோரிக்கையை உறுப்பினர்கள் குறைக்கலாம், மறுக்கலாம், ஆனால் கூட்ட முடியாது. குடியரசுத் தலைவரின் பரிந்துரையோடு அரசு கேட்ட தொகைதான் உச்சவரம்பு. குறைப்பதற்கு வெட்டுத் தீர்மானம் கொண்டுவருவார்கள். கொள்கையை எதிர்த்தால் கோரிக்கையை 1 ரூபாயாகக் குறைக்கச் சொல்வது, ஒரு குறிப்பிட்ட குறையைச் சுட்டிக்காட்ட 100 ரூபாய் குறைக்கச் சொல்வது என்று வகைகள் உண்டு. அப்படி ஒரு தீர்மானம் வென்றுவிட்டால் அரசுக்குப் பெரும்பான்மை இல்லை என்று அர்த்தமாகிவிடும். அதனால் கொறடா உத்தரவு பறக்கும், தீர்மானம் தோற்கும்.

நான்கு கோரிக்கைகளும் நிறைவேறியதும், எல்லா அமைச்சகங்களின் தொகைகளையும் சேர்த்து நிதி ஒதுக்கீட்டு மசோதா வருகிறது. அது பண மசோதா. மாநிலங்களவை 14 நாளுக்குள் திருப்பி அனுப்ப வேண்டும், திருத்தம் செய்ய முடியாது. குடியரசுத் தலைவர் கையெழுத்திட்டதும் பணம் தயார். தேர்தல் ஆண்டு என்றால் முதலில் சில மாதத்துக்கு மட்டும் முன்பணம் வாங்கிக்கொண்டு, புதிய அரசு வந்தபின் முழு பட்ஜெட்டை நிறைவேற்றுவார்கள். 2024இல் அப்படித்தான் நடந்தது.

படிப்பதற்கு ஒழுங்காக இருக்கிறது அல்லவா? எனக்கு வருத்தம் தருவது இதற்குப் பிறகு நடப்பதுதான்.

தமிழ்நாடு சட்டமன்றத்தைக் கவனிப்பவர்களுக்கு மானியக் கோரிக்கை விவாதம் என்றால் என்னவென்று நன்றாகத் தெரியும். துறை துறையாக எடுப்பார்கள், உறுப்பினர்கள் பேசுவார்கள், அமைச்சர் பதில் சொல்லிப் புது அறிவிப்புகளை வெளியிடுவார், காவல்துறை மானியத்துக்கு முதலமைச்சரே பதில் சொல்வார். மக்களவையில் அப்படியில்லை. எந்தெந்த அமைச்சகத்தை விவாதிப்பது என்று முன்கூட்டியே சிலவற்றை மட்டும் தேர்ந்தெடுக்கிறார்கள். கடைசி நாள், குறித்த நேரம் வந்ததும் மிச்சம் இருக்கும் கோரிக்கைகள் அத்தனையையும் ஒன்றாகக் கட்டி ஓட்டுக்கு விடுவார் சபாநாயகர். இதற்கு கில்லட்டின் என்று பெயர். பல வருஷங்களில் பாதுகாப்புத் துறையும் இந்தக் கட்டுக்குள்தான் போயிருக்கிறது. 2023 மார்ச் 23ஆம் தேதி, அமளிக்கு நடுவே சுமார் 45 லட்சம் கோடி ரூபாய் பட்ஜெட் செலவு விவாதமே இல்லாமல் நிறைவேறியது. பாதுகாப்புக்கான 5.94 லட்சம் கோடியும் அதில் அடக்கம்.

அப்படியானால் யாருமே பார்ப்பதில்லையா? பார்க்கிறார்கள். 1993இல் துறைவாரி நிலைக்குழுக்கள் வந்தன. பாதுகாப்பு நிலைக்குழுவில் மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர். பட்ஜெட் கூட்டத்தொடரின் நடுவில் விடுமுறை விடுகிறார்களே, அப்போது இந்தக் குழு பாதுகாப்புச் செயலாளரையும் படைகளின் துணைத் தளபதிகளையும் கூப்பிட்டு, மூடிய அறையில் வரிவரியாகக் கேள்வி கேட்கும். எவ்வளவு கேட்டீர்கள், நிதி அமைச்சகம் எவ்வளவு கொடுத்தது, குறைந்ததால் எது நின்றது என்றெல்லாம் விசாரிக்கும். டிவி கேமரா இல்லாததால் கட்சி வேறுபாடு பார்க்காமல் பேசுகிறார்கள் என்பது அறிக்கைகளைப் படித்தாலே தெரியும்.

2018 அறிக்கையை நான் இப்போதும் பலருக்குப் படிக்கச் சொல்வேன். குழுத் தலைவர் ஓய்வுபெற்ற மேஜர் ஜெனரல் பி.சி. கந்தூரி, ஆளுங்கட்சி எம்.பி. ராணுவத் துணைத் தளபதி லெப்டினென்ட் ஜெனரல் சரத் சந்த் அந்தக் குழுவிடம் எதையும் மறைக்காமல் சொன்னார். தளவாடங்களில் 68 சதவீதம் காலாவதி ரகம், 24 சதவீதம் இன்றைய ரகம், அதிநவீனம் என்று சொல்லத்தக்கது வெறும் 8 சதவீதம். அதைவிட முக்கியமான கணக்கு ஒன்றும் கொடுத்தார். நவீனமயத்துக்கு ராணுவத்துக்குக் கிடைத்தது 21,338 கோடி. ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் 125 திட்டங்களுக்கும் அவசரக் கொள்முதலுக்கும் அந்த ஆண்டு கட்டவேண்டிய தவணை மட்டுமே 29,033 கோடி. அதாவது புதிதாக ஒன்றும் வாங்காவிட்டால்கூடப் பணம் போதாது.

அந்த அறிக்கை மக்களவைக்கு வந்தது 2018 மார்ச் 13, செவ்வாய்க்கிழமை. மறுநாள் புதன்கிழமை கில்லட்டின். எல்லா அமைச்சகங்களின் கோரிக்கைகளும் நிதி மசோதாவும் சுமார் அரைமணி நேரத்தில் விவாதமின்றி நிறைவேறின. ஒரு துணைத் தளபதி பதிவில் வைத்த அந்த எண்ணிக்கையைப் பற்றி, ஓட்டுப் போடுவதற்கு முன்னால் சபையில் ஒருவர்கூடப் பேச வழியிருக்கவில்லை. எந்தக் கட்சி ஆட்சி என்பது இங்கே பேச்சே இல்லை. குழு அறிக்கைக்கும் ஓட்டெடுப்புக்கும் நடுவில் ஒரு வாரமாவது இருக்க வேண்டும், பாதுகாப்புக் கோரிக்கையைக் கட்டாயம் விவாதிக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். மொத்த பட்ஜெட்டில் 13 சதவீதத்துக்கு மேல் போகும் துறை இது.

இப்போது கேள்வியின் இரண்டாவது பாதிக்கு வருகிறேன். எதை வாங்குவது என்பது அரசின் முடிவு. படைகள் தேவையைச் சொல்லும். பாதுகாப்பு அமைச்சர் தலைமையிலான கொள்முதல் கவுன்சில் அது தேவைதான் என்று ஏற்கும். அதற்குப் பிறகு சோதனை, விலைப் பேச்சு. பெரிய தொகை என்றால் பிரதமர் தலைமையிலான பாதுகாப்புக்கான அமைச்சரவைக் குழு ஒப்புதல் தரும். ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலைக்கு 118 அர்ஜுன் மார்க்-1ஏ டாங்கிகளுக்கான 7,523 கோடி ரூபாய் ஆர்டர் 2021 செப்டம்பரில் வந்தது இந்த வழியில்தான். 2016இல் 36 ரஃபேல் விமானங்களுக்குக் கையெழுத்தானதும் இதே வழி. இரண்டுக்கும் நாடாளுமன்றத்தில் தனி ஓட்டெடுப்பு நடக்கவில்லை. பணம் ஒரே ஆண்டில் போவதும் இல்லை. வருஷா வருஷம் மூலதனத் தலைப்பிலிருந்து, எங்கள் பாஷையில் சொன்னால் 4076இலிருந்து, தவணையாகப் போகும். அதனால்தான் ஒரு ஆண்டின் மூலதனத் தொகையில் பெரும்பகுதி பழைய ஒப்பந்தங்களுக்கே போய்விடுகிறது. பட்ஜெட் அன்று “ராணுவத்துக்கு இத்தனை லட்சம் கோடி, புது விமானங்கள் வரப்போகின்றன” என்று செய்தி வரும்போது இதை நினைவில் வையுங்கள்.

ஒதுக்கியது முழுவதும் செலவாகும் என்றும் இல்லை. 2024-25இல் மூலதனத்துக்கு 1.72 லட்சம் கோடிக்கு அனுமதி கிடைத்தது. திருத்திய மதிப்பீட்டில் அது 1,59,500 கோடியாக இறங்கியது. ஒப்பந்தம் தாமதமானால், தவணைக்கான கட்டம் எட்டாவிட்டால் பணம் மார்ச் 31ஆம் தேதி காலாவதியாகிவிடும். கூடுதலாகத் தேவைப்பட்டால் துணை மானியக் கோரிக்கை என்று திரும்பவும் நாடாளுமன்றத்துக்குப் போக வேண்டும். குறைவாகச் செலவழிக்க அப்படி யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. பணம் இல்லை என்ற புகாரும் பணம் திரும்பிப் போன கதையும் ஒரே துறையில் சேர்ந்து வருவது இப்படித்தான்.

கேள்வி கேட்டவர் மனதில் அமெரிக்கா இருந்திருக்கலாம். அங்கே கதை வேறு. ராணுவத்துக்கான பணத்தை இரண்டு ஆண்டுக்கு மேல் சேர்த்து ஒதுக்கக் கூடாது என்று அவர்கள் அரசியல் சட்டமே சொல்கிறது. 1960களின் தொடக்கத்திலிருந்து ஆண்டுதோறும் பாதுகாப்பு அங்கீகாரச் சட்டம் ஒன்றைத் தனியாக நிறைவேற்றுகிறார்கள். எத்தனை கப்பல், எத்தனை விமானம், எத்தனை வீரர்கள், சம்பள உயர்வு எவ்வளவு என்பது வரை அதில் இருக்கும். அதற்கான பணத்தை ஒதுக்குவது இன்னொரு சட்டம். விண்வெளிப் படை என்ற புதிய படையே 2019 டிசம்பரில் அந்தச் சட்டத்தின் வழியாகத்தான் பிறந்தது. 2020 இறுதியில் அதிபர் டிரம்ப் அந்த ஆண்டின் பாதுகாப்பு மசோதாவை நிராகரித்தபோது, இரு அவைகளும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஓட்டுப் போட்டு, 2021 புத்தாண்டு அன்று அதைச் சட்டமாக்கின. ஆனால் அதிலும் கெடுதல் உண்டு. இனி ஏப்ராம்ஸ் டாங்கிகளுக்குப் பணம் வேண்டாம் என்று 2012இல் அவர்கள் ராணுவத் தளபதியே சொன்னார். ஓஹையோ மாநிலத்து லைமா தொழிற்சாலையின் வேலைகளைக் காட்டி, காங்கிரஸ் என்ற அவர்கள் நாடாளுமன்றத்தின் உறுப்பினர்கள் விடாமல் பணம் கொடுத்தார்கள். ஒவ்வொரு தளவாடத்துக்கும் எம்.பி.க்கள் ஓட்டுப் போட்டால் தொகுதி அரசியல் உள்ளே வரத்தான் செய்யும். அதனால் அந்த முறையை அப்படியே இங்கே கொண்டுவரச் சொல்ல மாட்டேன்.

நம் முறையில் நாடாளுமன்றத்தின் பிடி இறுகுவது செலவான பிறகுதான். சி.ஏ.ஜி. என்னும் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் தணிக்கை செய்து அறிக்கை வைப்பார், எம்.பி.க்கள் அடங்கிய பொதுக் கணக்குக் குழு அதை எடுத்து விசாரிக்கும். 1986இல் கையெழுத்தான போஃபர்ஸ் பீரங்கி ஒப்பந்தத்தைப் பற்றிய சி.ஏ.ஜி. அறிக்கை 1989 ஜூலையில் வந்தபோது, எதிர்க்கட்சி உறுப்பினர்கள் கூண்டோடு மக்களவையிலிருந்து ராஜினாமா செய்தார்கள். ஆனால் 2019இல் ரஃபேல் பற்றிய அறிக்கையில் விலை விவரங்கள் மறைக்கப்பட்டிருந்தன. பாதுகாப்பு அமைச்சகம் அப்படிக் கேட்டுக்கொண்டது. ரகசியம் எங்கே தேவை, எங்கே தேவையில்லை என்பது நியாயமாக வாதிடக்கூடிய விஷயம். ஆனால் முன்னால் விவாதமும் இல்லை, பின்னால் விலையும் தெரியாது என்றால் நாடாளுமன்றம் எதைத்தான் அங்கீகரித்தது என்ற கேள்வி எழத்தானே செய்யும்?

நீங்களே பார்க்க விரும்பினால், பாதுகாப்பு நிலைக்குழுவின் அறிக்கைகள் மக்களவை இணையதளத்தில் கிடைக்கின்றன. மானியக் கோரிக்கை அறிக்கை வந்து சில மாதம் கழித்து, அதன் மேல் அரசு என்ன நடவடிக்கை எடுத்தது என்று இன்னொரு அறிக்கையும் வரும். அதைக் கிடைத்தால் விடாதீர்கள். அரசு ஏற்ற பரிந்துரைகள் ஒரு அத்தியாயம், அரசின் விளக்கத்தைக் கேட்டுக் குழு விட்டுக்கொடுத்தவை ஒரு அத்தியாயம் என்று பிரித்துப் போட்டிருப்பார்கள். நான் முதலில் புரட்டுவது நான்காவது அத்தியாயத்தை. அரசு சொன்ன பதிலைக் குழு ஏற்க மறுத்துத் திரும்பக் கேட்டவை அங்கேதான் இருக்கும்.