விடுதலைப் பத்திரம் எழுத, குழந்தை என்ன பூர்வீகச் சொத்தா?

கேள்வி: இரண்டு பேரும் சம்மதித்து விவாகரத்து மனு போடப் போகிறோம். மகளுக்கு 6 வயது. "குழந்தை மேல் எனக்கு எந்த உரிமையும் வேண்டாம், பார்க்கவும் வரமாட்டேன், நீயும் ஒரு பைசா கேட்கக் கூடாது" என்று 100 ரூபாய் பத்திரத்தில் எழுதி, நோட்டரி முத்திரையும் வாங்கித் தருகிறேன் என்கிறார் அவர். தொல்லை விட்டதென்று வாங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. செல்லுமா?
- பெயர் வேண்டாம், ஈரோடு

பதில்: செல்லாது சகோதரி. ஆயிரம் ரூபாய் பத்திரத்தில் எழுதினாலும் செல்லாது. அண்ணன் தம்பி பாகத்தை விட்டுக்கொடுக்கிற மாதிரி, அப்பா என்கிற பொறுப்பை எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்ப நம் சட்டத்தில் வழியில்லை. உங்களுக்கு வரவேண்டிய ஜீவனாம்சத்தை வேண்டாம் என்று சொல்லுங்கள், அது உங்கள் இஷ்டம். மகளுக்கு உரியதை விட்டுக்கொடுக்க உங்களுக்கே அதிகாரம் கிடையாது, உச்ச நீதிமன்றமும் இப்படித்தான் சொல்லியிருக்கிறது. நாளைக்கு நீங்கள் மகளுக்காகக் குடும்பநல நீதிமன்றம் போனால் அந்தப் பத்திரம் குறுக்கே நிற்காது. ஜீவனாம்சம் கேட்கிற சட்டப் பிரிவை முன்பு 125 (குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில்) என்போமே, 2024 ஜூலையிலிருந்து அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-வது பிரிவு (பெயர் வாயில் நுழையாது, நம்பரை ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும்). எந்த மதமானாலும் பொருந்தும்.

பார்க்க வருவது வேறு, பணம் தருவது வேறு. வராததால் அவருக்குத் தள்ளுபடி இல்லை. அவர் பணம் தரவில்லை என்பதற்காக நீங்களாகவே குழந்தையைக் காட்ட மாட்டேன் என்று சொல்லவும் முடியாது. ஒரே ஒரு விலக்கு: நீங்கள் மறுமணம் செய்து, அந்தக் கணவர் மகளை முறைப்படி தத்தெடுத்தால் கதை மாறும். அதற்கும் சட்டப்படி நடைமுறை இருக்கிறது, பத்திரத்தில் முடியாது.

அதனால் அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். மாதம் எவ்வளவு, எந்தத் தேதிக்குள், எந்த வங்கிக் கணக்கில், ஸ்கூல் ஃபீஸ் யார் கட்டுவது என்பதை விவாகரத்து மனுவிலேயே எழுதச் சொல்லுங்கள். ஃபீஸ் ரசீது, வேன் காசு, டாக்டர் சீட்டு எல்லாவற்றையும் ஒரு பைலில் போட்டு வையுங்கள். அவர் ஒத்துவராமல் வழக்கு என்று வந்தால், 2020-ல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புப்படி இரண்டு பேருமே வருமானம், சொத்து, கடன் விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும், "எனக்கு வருமானமே இல்லை" என்று வாயால் சொல்லித் தப்பிக்க முடியாது. அப்புறம், 144-ல் உத்தரவு வாங்கியும் அவர் கட்டவில்லையென்றால் சும்மா இருந்துவிடாதீர்கள், பாக்கி விழுந்த நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் வசூல் மனு போட்டாக வேண்டும். கட்டாததற்காக அவர் சிறைக்குப் போய் வந்தாலும் பாக்கி பாக்கிதான்.