அந்த அரை மணி நேரம்

கேள்வி: கோவையில் பம்ப்செட் ஏற்றுமதி செய்கிறேன். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஷார்ஜா, வருடத்தில் இரண்டு மூன்று தடவை சிங்கப்பூர் போய் வருவேன். இரண்டு ஊர் நேரம் காட்டும் கடிகாரம் வாங்க ஆசை. சீகோ 5 ஸ்போர்ட்ஸ் ஜி.எம்.டி போதுமா, இல்லை பல மடங்கு விலையுள்ள டியூடர் பிளாக் பே ஜி.எம்.டிக்குப் பணம் சேர்க்கட்டுமா?
- வாசகர், கோயம்புத்தூர்

பதில்: சீகோவையே வாங்குங்கள். விலைக்காகச் சொல்லவில்லை. நம் நாட்டு நேரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த அரை மணிக்காகச் சொல்கிறேன்.

டியூடரின் பெருமையே அதன் மணி முள்தான். விமானம் இறங்கியதும் கீயை இழுத்துத் திருப்பினால், மணி முள் மட்டும் ஒவ்வொரு மணியாகத் தாவும். நிமிட முள்ளும் விநாடி முள்ளும் தம் பாட்டுக்கு ஓடும். துபாயிலிருந்து சிங்கப்பூர் போகிறவருக்கு நான்கு தாவல், வேலை முடிந்தது. ஆனால் நீங்கள் புறப்படுவது கோவையிலிருந்து. ஷார்ஜா நமக்கு ஒன்றரை மணி பின்னால், சிங்கப்பூர் இரண்டரை மணி முன்னால். மணி முள் எத்தனை தாவினாலும் அந்த முப்பது நிமிடம் மிச்சம் நிற்கும். கடிகாரத்தை நிறுத்தி நிமிட முள்ளைத் திருப்பித்தான் ஆக வேண்டும். எந்த வசதிக்காக அவ்வளவு பணம் கொடுத்தீர்களோ, அது உங்கள் பயணத்தில் உதவாமல் போகிறது.

சீகோவில் மணி முள் தாவாது. தாவுவது 24 மணி நேரத்தைக் காட்டும் நான்காவது முள். ஊரில் உட்கார்ந்து, ‘இப்போது ஷார்ஜாவில் கடை திறந்திருப்பார்களா?’ என்று பார்த்துப் போன் போடுகிறவருக்கு இதுதான் தோது. வருடத்தில் பெரும்பாலான நாள் நீங்கள் செய்வதும் அதுதானே?

அரை மணியை எப்படிச் சமாளிப்பது என்று சொல்கிறேன், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பெரிய முட்கள் இந்திய நேரத்திலேயே இருக்கட்டும். டயலைச் சுற்றி 24 மணி எண்கள் போட்டிருக்கும் வளையத்தை வலப்பக்கமாக அரை மணி அளவு மட்டும் நகர்த்திவிடுங்கள். அதற்கப்புறம் வளையத்தைத் தொடவே வேண்டாம். நான்காவது முள்ளை நம் நேரத்திலிருந்து ஒரு மணி பின்னால் வைத்தால், வளையத்தில் ஷார்ஜா நேரம் தெரியும். மூன்று மணி முன்னால் வைத்தால் சிங்கப்பூர். திருச்சியில் என் ரிப்பேர் மேஜைக்கு வரும் சிங்கப்பூர் பயணிகளுக்கு இதைக் காட்டும்போது அவர்கள் முகத்தில் வரும் சந்தோஷத்துக்காகவே திரும்பத் திரும்பக் காட்டுவேன். டியூடரின் வளையம் 48 கட்டாக நகரும், அரை மணி ‘டிக்’கென்று சரியாக உட்காரும். சீகோவில் கட்டு கிடையாது, கண்ணால் பார்த்துத்தான் நிறுத்த வேண்டும். இந்த ஓர் இடத்தில் டியூடருக்கு முழு மதிப்பெண்.

டியூடர் மட்டமென்று சொல்ல வரவில்லை. பின்மூடியைத் திறந்து பார்த்தவன் அப்படிச் சொல்ல மாட்டான். அதன் இயந்திரம் சுவிஸ் நாட்டின் க்ரோனோமீட்டர் என்ற நேரத் துல்லியச் சோதனையில் தேறியது; அந்தச் சோதனையில் நாளுக்குச் சராசரியாக 4 விநாடி பிந்தலாம், 6 விநாடி முந்தலாம், அவ்வளவுதான். சீகோ தன் 4ஆர்34 இயந்திரத்துக்குச் சொல்லும் கணக்கு 35 விநாடி பிந்துவது முதல் 45 விநாடி முந்துவது வரை. கையில் கட்டும்போது பெரும்பாலும் அதைவிட நன்றாகவே ஓடும் என்றாலும், வாரம் ஒருமுறை நேரம் திருத்தச் சோம்பல்படுகிறவருக்கு இது எரிச்சல்தான். வெள்ளி மாலை கழற்றி வைத்தால் டியூடர் திங்கள் காலையும் ஓடிக்கொண்டிருக்கும், 70 மணி தாங்கும். சீகோ 41 மணியில் நின்றுவிடும். தண்ணீருக்கும் டியூடர் 200 மீட்டர், சீகோ 100 மீட்டர். மழைக்கும் வியர்வைக்கும் நூறே தாராளம்.

நாளைக்கே நீங்கள் ஷார்ஜாவில் குடியேறி, அங்கிருந்து லண்டனும் சிங்கப்பூரும் சுற்றுவதானால் என் பதில் மாறும். அப்போது சேமிக்கத் தொடங்குங்கள், அந்தத் தாவும் முள் ஒவ்வொரு பயணத்திலும் உழைக்கும்.

இன்னொன்று. சீகோவில் கீயை ஒரு கட்டு இழுத்து ஒரு பக்கம் திருப்பினால் தேதி மாறும், மறுபக்கம் திருப்பினால் நான்காவது முள் நகரும். இரவு 9 மணியிலிருந்து விடியும் வரை தேதிப் பக்கம் திருப்பாதீர்கள். அந்த நேரத்தில் தேதிச் சக்கரத்தின் பற்கள் கோத்திருக்கும். இரவு விமானத்தில் தூக்கக் கலக்கத்தோடு திருப்பி, பல் உடைந்து என்னிடம் வந்த கடிகாரங்கள் நிறைய.