சி ஷார்ப்பிலிருந்து யூனியன் வகையைக் கையாளுதல்

கேள்வி: எஃப் ஷார்ப் நிரல்மொழியில் 'பேமென்ட்' என்ற யூனியன் வகையை (கேஸ்கள் எனப்படும் சில வடிவங்களில் ஏதேனும் ஒன்றாக மட்டுமே இருக்கும் தரவு வகை) எழுதி, அதில் 'கேஷ்', 'கார்டு', 'பெண்டிங்' என்று மூன்று கேஸ்கள் வைத்துள்ளேன். சி ஷார்ப் நிரலில் அவற்றை எப்படிப் பிரித்தறிவது?

பதில்: கம்பைலர் உங்கள் யூனியனைத் தாய் கிளாஸாகவும், தரவு ஏந்தும் கேஸ்களை அதற்குள் அமைந்த துணைக் கிளாஸ்களாகவும் மாற்றிவிடுவதால், சி ஷார்ப் 7 முதல், கிளை பிரிக்கும் 'சுவிட்ச்' கூற்றிலேயே 'பேமென்ட்.கார்டு' என்று வகையைச் சோதித்து, கார்டு எண்ணை நேரடியாக எடுக்கலாம். கேஸின் தரவைத் தாங்கும் புலத்துக்குப் பெயர் வைக்காவிட்டால் அது 'ஐட்டம்' என்றே வெளிப்படும் என்பதால், அவசியம் பெயர் வையுங்கள். தரவில்லாத 'பெண்டிங்' கேஸுக்குப் பொதுவில் தெரியும் கிளாஸ் கிடையாது. 'இஸ்பெண்டிங்' என்ற பண்பைத்தான் கேட்க வேண்டும்.

ஆனால் இந்த வழியில் எனக்கு ஒரு கவலை உண்டு. நாளை 'செக்' என்ற நான்காவது கேஸைச் சேர்த்தால், விடுபட்ட இடங்களை எஃப் ஷார்ப் எச்சரித்துக் காட்டும். சி ஷார்ப் சுவிட்சோ ஓசையின்றி, வேறெதற்கும் பொருந்தாதவை போகும் 'டிஃபால்ட்' கிளைக்குள் போய்விடும். ஆகவே யூனியனிலேயே 'மேட்ச்' என்ற மெத்தடை எழுதி, கேஸுக்கு ஒரு 'ஃபங்க்' (அளவுருவாகக் கொடுக்கப்படும் செயல்கூறு) வீதம் வாங்கிக்கொள்ளுங்கள். புதிய கேஸுக்குரிய ஃபங்க்கை அதில் சேர்த்தவுடன், அழைக்கும் இடங்கள் அனைத்தையும் திருத்தும்வரை சி ஷார்ப் நிரல் கம்பைல் ஆகாது.