ஞாயிற்றுக்கிழமை எங்கே போவது, அக்கா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அக்கா, நாங்கள் தஞ்சாவூர்ப் பக்கம். கல்யாணம் முடிந்த கையோடு மலேசியாவின் சுங்கை சிப்புட்டுக்கு வந்தோம், பத்து மாதம் ஆகிறது. அவருக்குச் செம்பனை (எண்ணெய்ப்பனை) ஆலையில் இன்ஜினியர் வேலை, சனிக்கிழமையும் போக வேண்டும். என் விசாவில் வேலை பார்க்க அனுமதி இல்லை. காலையில் அவர் கிளம்பினால் சாயங்காலம் வரை இந்தத் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டில் நானும் ஃபோனும்தான். ஞாயிறு வந்தால் ஈப்போவில் ஒரு மால், அங்கேயே சாப்பாடு, வந்து தூக்கம். கேமரன் மலை போகலாம், லங்காவி போகலாம் என்று நான் கேட்பேன், அவர் களைப்பாக இருக்கிறது என்பார், அதிலேயே சண்டை. இந்த ஊரைச் சுற்றிப் பார்க்க என்னதான் இருக்கிறது? – வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: தங்கச்சி, கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். ஊரைச் சுற்றிப் பார்க்க இருப்பதைப் பற்றி நிறையச் சொல்லப் போகிறேன், ஆனால் அதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஆறு நாள் யாரோடும் பேசாமல் சேர்த்து வைத்த பேச்சு, ஆசை, கோபம் எல்லாவற்றையும் ஒரு ஞாயிற்றுக்கிழமையின் தலையில் ஏற்றினால் லங்காவிக்கே போனாலும் சண்டைதான் வரும். அவருடைய களைப்பும் பொய் இல்லை. செம்பனைக் குலையை வெட்டி 24 மணி நேரத்துக்குள் ஆலையில் அவித்தால்தான் எண்ணெயின் தரம் நிற்கும், அதனால் காய் வரத்து கூடும் மாதங்களில் ஆலை நேரம் காலம் பார்க்காது, அங்கே வேலை செய்கிறவர்களும் பார்க்க முடியாது.

அதனால் முதலில் உங்கள் திங்கள், செவ்வாயைச் சரி செய்யுங்கள். காலை எட்டு மணிக்குள் பசாருக்கு நடந்து போங்கள், ஒரு வாரத்துக்கு வேண்டியதை ஒரே நாளில் வாங்கி ஃபிரிட்ஜில் அடைக்காமல், ஒரு நாள் கீரை, ஒரு நாள் மீன் என்று வாங்குங்கள். ஒரே மீன்காரம்மாவிடம் மூன்று தடவை வாங்கினால் நான்காவது தடவை அவரே கூப்பிடுவார். பெராப்பா என்று விலை கேட்கவும், சத்து, டுவா, தீகா என்று எண்ணவும் கற்றுக்கொண்டால் போதும், மலாய் மொழி கதவைத் திறந்துவிடும், வேற்றுமை உருபு, வினைத்திரிபு என்று நம் தமிழைப் போலப் படுத்தாத மொழி அது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோயிலுக்குப் போகும்போது கும்பிட்டவுடன் கிளம்பி விடாமல், பூ கட்டுகிற பெண்களோடு உட்கார்ந்து நாலு சரம் கட்டுங்கள். நான் திருமணமாகி வேறு ஊருக்குப் போன புதிதில் எனக்குக் கிடைத்த சிநேகிதிகள் எல்லாம் அந்தப் பூக்கூடைப் பக்கம் கிடைத்தவர்கள்தான்.

இனி ஞாயிறு. அவரிடம் "ஒரு நாள் முழுக்க" என்று கேட்காதீர்கள். காலை ஏழு மணிக்குக் கிளம்பி மதியம் ஒரு மணிக்குள் வீடு திரும்பி விடுவோம், அப்புறம் நீங்கள் தூங்குங்கள் என்று சொல்லிப் பாருங்கள், பெரும்பாலும் மறுக்க மாட்டார். இந்த ஊர் வெயிலுக்கும் அதுதான் சரி. பதினொரு மணிக்கு மேல் வெளியே நிற்க முடியாது, மூன்று மணிக்கு மேல் மழை வந்துவிடும்.

முதல் ஞாயிறு கோலகங்சார் போங்கள். பழைய சாலையில் சுமார் இருபது கிலோமீட்டர்தான், டோல் கிடையாது. உபுடியா பள்ளிவாசலின் தங்கக் குவிமாடத்தைப் பார்க்கத்தான் எல்லோரும் அங்கே போவார்கள், 1917ல் கட்டி முடித்தது, அதையும் பாருங்கள். ஆனால் நான் உங்களை அனுப்புவது மாவட்ட அலுவலகத்துப் பக்கம் நிற்கும் ஒரு ரப்பர் மரத்துக்காக. 1876ல் பிரேசிலிலிருந்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோன விதைகளில் முளைத்த கன்றுகள் 1877ல் சிங்கப்பூருக்கு வந்தன, அவற்றில் ஒன்பது கோலகங்சாரில் நடப்பட்டன. அந்த ஒன்பதில் மிஞ்சிய ஒன்று இன்னும் நிற்கிறது. நம் ஆட்கள் கப்பலேறி இங்கே வந்து, காடு வெட்டி, லயம் என்ற வரிசை வீட்டில் குடியிருந்து, விடியற்காலைப் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, எழுந்து ஓடியதெல்லாம் இந்த மரத்தின் வம்சத்தை நம்பித்தான்.

என் அம்மா முப்பத்தொரு வருஷம் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். அந்த மரத்தை அவர் பார்த்ததே இல்லை, பக்கத்து ஊரில் இருந்தும் பார்த்ததில்லை, ஏனென்றால் ஞாயிறு என்றால் துணி துவைப்பது, விறகு சேர்ப்பது, தலைக்கு எண்ணெய் வைப்பது என்றே போய்விடும். அவருக்கு அறுபத்தெட்டு வயதானபோது நான் கூட்டிப்போனேன். பெயர்ப்பலகையைப் படித்துக் காட்டினேன், அவர் அதைக் காதிலேயே வாங்கவில்லை. மரத்தை அடியிலிருந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, பட்டையில் கோடு இருக்கிறதா என்று கண்ணாலேயே ஒரு சுற்றுத் தேடினார். "இவ்வளவு பருமன், இதுக்கு ஒரு மங்கு போதாது, ரெண்டு வைக்கணும்" என்றார், மங்கு என்றால் பால் வடியும் கிண்ணம். அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. திரும்பி வரும் வழி முழுக்க, எனக்கு அதுவரை சொல்லாத கதைகளைச் சொல்லிக்கொண்டே வந்தார், மழை நாளில் வேலை இல்லாமல் சம்பளம் போனது, நெற்றி விளக்கு அணைந்து இருட்டில் நின்றது, தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் என்னைத் தொட்டிலில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தது. நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் அந்த மரத்தடியில் பத்து நிமிஷம் நில்லுங்கள். இந்த ஊர்த் தமிழர்களின் தாத்தா பாட்டி எதற்காக இங்கே வந்தார்கள் என்பது அவருக்கும் தெரிந்திருக்கட்டும்.

கோலகங்சாரில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் சாயோங். அங்கே லாபு சாயோங் என்று சுரைக்காய் வடிவத்தில் கறுப்பு மண்கூஜா செய்கிறார்கள், நம் ஊர் மண்பானை போலவே தண்ணீர் குளிர்ச்சியாக இருக்கும். ஒன்று வாங்கி வாருங்கள்.

அடுத்த ஞாயிறு ரயில். சுங்கை சிப்புட் நிலையத்திலேயே இ.டி.எஸ் என்ற மின்சார ரயில் நிற்கும், எல்லா வண்டியும் நிற்காது, நேரம் பார்த்து முன்கூட்டியே டிக்கெட் எடுத்து விடுங்கள், பள்ளி விடுமுறையில் இடம் கிடைக்காது. தைப்பிங் போங்கள். போகும் வழியில் மூன்று கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள புக்கிட் பெராபிட் சுரங்கத்துக்குள் ரயில் புகுந்து வெளியே வரும், எனக்கு இந்த வயதிலும் அது பிடிக்கும். தைப்பிங் ஏரிப் பூங்கா பழைய வெள்ளீயச் சுரங்கக் குழி, தோண்டிப் போட்ட பள்ளத்தை 1880ல் பூங்காவாக்கினார்கள். கரையில் நிற்கும் தூங்குமூஞ்சி மரங்கள் சாலையைத் தாண்டிச் சாய்ந்து கிளையைத் தண்ணீருக்குள் விட்டிருக்கும். குடை எடுத்துக்கொள்ளுங்கள், தீபகற்பத்திலேயே மழை அதிகம் கொட்டும் ஊர் அது.

பிறகு பத்து காஜா என்ற ஊரில் கெல்லி கோட்டை. வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துத் தோட்ட முதலாளி 1915ல் தொடங்கிய மாளிகை, 1926ல் அவர் இறந்ததோடு அரைகுறையாக நின்றுவிட்டது. அதைக் கட்டியவர்கள் நம் பக்கத்திலிருந்து வந்தவர்கள். விஷக் காய்ச்சலில் அவர்களில் பலர் இறந்தபோது, கோயில் வேண்டும் என்று தொழிலாளர்கள் கேட்டு அவர் கட்டிக் கொடுத்த மாரியம்மன் கோயில் பக்கத்திலேயே இருக்கிறது, சாமி சிலைகளுக்கு நடுவில் அவருடைய உருவமும் நிற்கும். கோட்டையைப் பார்க்கிற முக்கால்வாசிப் பேர் கோயிலுக்குப் போகாமலே திரும்பி விடுகிறார்கள். நீங்கள் போங்கள்.

கேமரன் மலைக்கு வார இறுதியிலும் பள்ளி விடுமுறையிலும் போகவே போகாதீர்கள், பிரிஞ்சாங் பக்கம் காடியிலேயே (காரிலேயே) பொழுது போய்விடும். அவருக்கு நடுவாரத்தில் ஒரு நாள் லீவு கிடைக்கும்போது வைத்துக்கொள்ளுங்கள்.

காடி எடுக்கவே தெம்பில்லாத ஞாயிறும் வரும். அன்று உங்கள் ஊருக்குள்ளேயே நடங்கள். மகாத்மா காந்தி கலாசாலை தமிழ்ப்பள்ளி இருக்கிறது, 1954ல் நேருவின் தங்கை விஜயலட்சுமி பண்டிட் வந்து திறந்து வைத்தது. அது எழும்ப முன்நின்றவர் மலேசிய அமைச்சராக இருந்த துன் சம்பந்தன், சுங்கை சிப்புட்டில் பிறந்து, உங்கள் சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டுத் திரும்பியவர். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில், தொழிலாளர்களே காசு சேர்த்துத் தோட்டத்தை வாங்கட்டும் என்று 1960ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவரும் அவர்தான். ஈப்போ மாலில் சுற்றிய நேரத்தில் ஒரு மணி நேரத்தை இந்தத் தெருக்களுக்குக் கொடுத்துப் பாருங்கள்.

கேள்வி: ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டும், வீட்டுக் கடன் இருக்கிறது. வாரா வாரம் வெளியே போனால் சேமிப்பு என்ன ஆவது? மனைவிக்கோ வெளியே போக ஆசை. – வாசகர், தாப்பா

பதில்: தம்பி, கடன் இருப்பதை மனைவியிடம் தொகையோடு சொல்லிவிட்டீர்களா? சொல்லாமல் "செலவு, செலவு" என்று மட்டும் சொன்னால், தன்னோடு வெளியே வர உங்களுக்கு இஷ்டமில்லை என்றுதான் அவர் நினைப்பார். மாதத்துக்கு இவ்வளவு என்று இருவரும் சேர்ந்து ஒரு தொகையை எடுத்து வையுங்கள், அதற்குள் அவர் போடுகிற திட்டத்துக்குத் தலையாட்டுங்கள்.

காசு கரைவது பெரும்பாலும் சாப்பாட்டிலும் மாலிலும்தான். புளிச்சோறும் அவித்த முட்டையும் கட்டிக்கொண்டு லாத்தா கிஞ்சாங் அருவிக்குப் போங்கள், நெடுஞ்சாலையில் போகும்போதே மலையில் வெள்ளைக் கோடாகத் தெரியுமே, அதுதான், உங்களுக்குப் பக்கம். ஆனால் இதைக் கவனமாகக் கேளுங்கள். நீங்கள் குளிக்கும் இடத்தில் வெயில் அடிக்கும், மேலே மலையில் மழை பெய்திருக்கும், ஒரு நிமிஷத்துக்குள் வெள்ளம் சுவர் மாதிரி இறங்கும். கெப்பாலா ஆயர் என்பார்கள். தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, இலையும் குச்சியும் அடித்து வந்தாலோ, சத்தம் மாறினாலோ, துணி, செருப்பு, ஃபோன் எதையும் பார்க்காமல் கரையேறி விடுங்கள். மழைக்காலத்தில் மதியத்துக்கு மேல் இறங்கவே வேண்டாம்.

சாயங்காலம் பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தை இருக்கவே இருக்கிறது. இருவருக்கும் ஒரு அப்பம் பாலேக்கும் (மடித்துச் சுட்ட இனிப்பு அப்பம்) கரும்புச்சாறும் வாங்கிக்கொண்டு கடை கடையாக நடந்தால் ஒரு மணி நேரம் போகும், பத்து வெள்ளி (ரிங்கிட்) கூட ஆகாது.

கேள்வி: பக்கத்து வீட்டு அம்மா தினமும் "பசியாறிட்டீங்களா" என்று கேட்கிறார். பசி என்று நாங்கள் சொன்னதே இல்லையே, ஏன் இப்படிக் கேட்கிறார்? – வாசகி, பீடோர்

பதில்: சாப்பிட்டீர்களா என்று கேட்கிறார், அவ்வளவுதான். எங்களுக்குப் பசியாறுவது என்றால் சாப்பிடுவது, காலைச் சாப்பாட்டுக்குப் பெயரே பசியாறல். ரிங்கிட்டை வெள்ளி என்போம், காரைக் காடி என்போம், காப்பி எங்களுக்குக் கோப்பி. "ஆச்சும்மா, நீங்க பசியாறிட்டீங்களா?" என்று நாளைக்கு நீங்கள் முந்திக்கொண்டு கேளுங்கள், அன்றைக்கே ஒரு கிண்ணம் குழம்பு சுவர் தாண்டி வரும்.

கேள்வி: எதிர் வீட்டு மலாய்க் குடும்பம் பெருநாள் திறந்த இல்ல உபசரிப்புக்குக் கூப்பிட்டிருக்கிறது. நாங்கள் சைவம். போகாமல் இருந்துவிடலாமா? – ஒரு தம்பதி, சுங்கை சிப்புட்

பதில்: கட்டாயம் போங்கள். சைவம் என்பதை முதல் நாளே சொல்லிவிட்டால் அவர்கள் தனியாக எடுத்து வைப்பார்கள். லெமாங் என்பது மூங்கிலுக்குள் தேங்காய்ப்பால் ஊற்றிச் சுட்ட பசையரிசிச் சோறு, கெத்துப்பாட் தென்னை ஓலையில் பொதிந்து அவித்த சோறு, டோடோல் நம் ஊர் அல்வாவுக்கு அண்ணன் மாதிரி. இவையெல்லாம் உங்களுக்கு ஒத்துவரும். ரெண்டாங் இறைச்சி. சம்பலில் பெரும்பாலும் பெலாச்சான் என்ற இறால் விழுது இருக்கும், கேட்டுவிட்டுத் தொடுங்கள்.

செருப்பை வாசலில் விடுங்கள், வலக்கையால் வாங்குங்கள், வலக்கையால் சாப்பிடுங்கள். எதிர்ப்பாலாருக்குக் கை கொடுக்க நீங்களாக நீட்ட வேண்டாம், அவர்கள் நீட்டினால் கொடுங்கள், இல்லையென்றால் நெஞ்சில் கைவைத்துச் சிரித்தாலே மரியாதைதான். வெறுங்கையோடு போகாமல் பழம் வாங்கிப் போங்கள், ஈப்போவுக்குப் போனால் தம்புன் பம்பளிமாஸ் இரண்டு, யாருக்கும் பிடிக்கும். வீட்டுப் பிள்ளைகளுக்குச் சின்ன உறையில் இரண்டு வெள்ளி, மூன்று வெள்ளி போட்டுக் கொடுக்கலாம். தீபாவளிக்கு அவர்களை நீங்கள் கூப்பிடுங்கள், முறுக்கை மட்டும் கூடுதலாகச் சுட்டு வையுங்கள், எங்கள் தாமானில் முதலில் தீர்ந்து போவது அதுதான்.