இரண்டுமே சி18 தான், அப்புறம் ஏன் பீக் இடம் மாறுகிறது?

கேள்வி: சிங்கப்பூரின் துவாஸில் ஒரு மருந்து ஆலையின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். மனச்சோர்வுக்கான அமிட்ரிப்டிலின் மாத்திரையை எச்பிஎல்சியில் (கலவையைத் திரவ ஓட்டத்தில் பிரித்துக் காட்டும் கருவி) மெத்தனால், பிஎச் 7 பாஸ்பேட் பஃபர் வைத்துச் சோதிக்கிறோம். வழக்கமான பிரிகைக் குழாய் கையிருப்பில் இல்லாததால் வேறு கம்பெனியின் சி18 குழாயைப் போட்டோம். அதே நீளம், அதே 5 மைக்ரான் துகள். ஆனால் டைபென்சோசூபரோன் என்ற மாசு முன்பைவிடச் சீக்கிரம் வருகிறது. அமிட்ரிப்டிலின் தாமதமாக வந்து, அதன் பீக் (வரைபடத்தில் தெரியும் முகடு) வால் இழுக்கிறது. புதுக் குழாய் பழுதா?

பதில்: பழுதாக இருக்க வாய்ப்பு குறைவு. ஒரு பீக் முன்னேயும் இன்னொன்று பின்னேயும் போயிருப்பதைக் கவனியுங்கள். மெத்தனால் அளவோ ஓட்ட வேகமோ பிசகியிருந்தால் இரண்டும் ஒரே பக்கம் நகர்ந்திருக்கும். பஃபரின் பிஎச் பிசகியிருந்தால் மின்னேற்றமில்லாத டைபென்சோசூபரோன் அசைந்தே இருக்காது. ஆக, வித்தியாசம் குழாய்க்குள் இருக்கும் சிலிக்காவில்தான்.

சிலிக்காவின் மேல் 18 கார்பன் சங்கிலி ஒட்டியிருக்கிறது என்பதற்கு மேல் சி18 எதையும் சொல்வதில்லை. சிலிக்காப் பரப்பில் சதுர மீட்டருக்குச் சுமார் 8 மைக்ரோமோல் சிலனால் (சிலிக்கானோடு சேர்ந்த ஓஎச் தொகுதி) இருக்கும். சங்கிலி பருமனானது, அதனால் 3, மிஞ்சினால் 4 மைக்ரோமோல்தான் ஒட்டும். மீதி சிலனால் அடியிலேயே கிடக்கும். எண்ட்-கேப்பிங் (மீதியைச் சிறு மூலக்கூறால் மூடுவது) செய்தாலும் முழுவதும் மறையாது. அமிட்ரிப்டிலினின் பிகேஏ (பாதி மூலக்கூறுகள் மின்னேற்றம் பெற்றிருக்கும் பிஎச்) சுமார் 9.4, பிஎச் 7-இல் அது நேர்மின் அயனி. அந்த பிஎச்சில் சிலனாலில் ஒரு பகுதி எதிர்மின்னேற்றம் பெற்றிருக்கும். இரண்டும் பிடித்துக்கொள்வதால்தான் தாமதமும் வாலும். சிலிக்காவில் அலுமினியம், இரும்பு போன்ற உலோக மாசு இருந்தால் சிலனாலின் அமிலத்தன்மை கூடி, நிலைமை இன்னும் மோசமாகும்.

டைபென்சோசூபரோனுக்குச் சிலனால் பெரிய விஷயமில்லை. குழாய்க்குள் மொத்தம் எவ்வளவு சி18 இருக்கிறது என்பதுதான் அதைப் பிடித்துவைக்கிறது. 100 ஆங்ஸ்ட்ரம் துளையுள்ள சிலிக்காவில் கிராமுக்குச் சுமார் 300 சதுர மீட்டர் பரப்பு. 300 ஆங்ஸ்ட்ரம் என்றால் 100-தான். இரு குழாய்களின் சான்றிதழ்களையும் எடுத்துத் துளை அளவு, பரப்பு, கார்பன் சதவீதம், எண்ட்-கேப்பிங் நான்கையும் ஒப்பிடுங்கள்.

அப்புறம் யுராசில், டொலுயீன், அமிட்ரிப்டிலின் கலவையை இரண்டிலும் ஓட்டுங்கள். யுராசில் குழாயில் பிடிபடாமல் வந்துவிடும். மற்றதன் நேரத்திலிருந்து யுராசில் வரும் நேரத்தைக் கழித்து, அதனாலேயே வகுத்தால் பிடிப்புக் காரணி கிடைக்கும். வெறும் நிமிடத்தை ஒப்பிட்டால் ஏமாந்துபோவீர்கள். மின்னேற்றமில்லாத டொலுயீனுக்குக் குறைந்து, அமிட்ரிப்டிலினுக்குக் கூடினால் வித்தியாசம் சிலிக்காவில்தான், சந்தேகமே வேண்டாம்.

மாற்றுக் குழாய் தேடும்போது அமெரிக்க மருந்துத் தர நூலான யுஎஸ்பியின் எல்1 வகை என்பதை நம்பி வாங்காதீர்கள், எல்லா சி18-உம் அதற்குள் அடக்கம். நீர்வெறுப்புத்தன்மையும், பிஎச் 7-இல் கேட்டயான் (நேர்மின் அயனி) பரிமாற்ற மதிப்பும் பழைய குழாய்க்கு நெருக்கமாக இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். பிஎச்சை 3-க்கு இறக்கினால் வால் குறையும், உண்மைதான். ஆனால் அது வேறு சோதனை முறை ஆகிவிடும். மறுபடி சரிபார்ப்பு, ஒப்புதல் எல்லாம் வரும். ஒரு குழாய் கிடைக்காததற்காக நான் அதைச் செய்யச் சொல்லமாட்டேன்.

புதுக் குழாயைத் திருப்பி அனுப்பவும் வேண்டாம். மின்னேற்றமில்லாத சேர்மங்களுக்கு முறை உருவாக்கும்போது அது நன்றாகவே ஓடும்.