மாலையைக் கழற்றிய அன்று சாயங்காலம்

கேள்வி: என் வீட்டுக்காரர் மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் லோடு இறக்குகிறார். தினமும் குடி. ஆனால் கார்த்திகை பிறந்து மாலை போட்டுவிட்டால் ஒரு மண்டலத்துக்குத் தொடமாட்டார். மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றிய அன்று சாயங்காலமே கடைக்குப் போய்விடுவார். போன வருஷம் மாலை போட்ட மூன்றாம் நாள் ராத்திரி கை உதறி, வேர்த்துக் கொட்டி, சுவரெல்லாம் பூச்சி ஊருது என்று கத்தினார். காத்துக்கருப்பு என்று பாண்டி கோவிலுக்குக் கூட்டிப்போனோம். குடியை விட்டவர்கள் கூடிப் பேசுகிற கூட்டம் மதுரையில் உண்டாமே, எப்படிக் கண்டுபிடிப்பது? அவருக்குத் தெரியாமல் சோற்றில் கலந்து கொடுக்கிற மருந்து வாங்கலாமா?
- பெயர் வேண்டாம், மேலூர்

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் சொல்லிவிடுகிறேன், தங்கச்சி. கலக்கவே கலக்காதீர்கள். டைசல்ஃபிராம் என்று ஒரு மாத்திரை உண்டு. அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் இறங்கிவிடும், சிலருக்கு உயிரே போய்விடும். அதனால்தான் சாப்பிடுகிறவருக்கு விவரம் சொல்லி, அவர் சம்மதித்த பிறகு டாக்டர் எழுதித் தருகிறார். சுவரில் போஸ்டர் ஒட்டி விற்கிற பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று அவருக்கு மட்டுமில்லை, வாங்குகிற உங்களுக்கும் தெரியாது.

அடுத்தது அந்தப் பூச்சி. அது காத்துக்கருப்பு இல்லை. தினமும் குடித்துப் பழகிய உடம்பு திடீரென்று நிறுத்தினால் முதல் நாளே நடுக்கம் வரும், இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், இரண்டாம் நாளுக்கும் நாலாம் நாளுக்கும் நடுவில் சிலருக்கு இப்படி இல்லாதது கண்ணுக்குத் தெரியும். உயிருக்கே ஆபத்தான கட்டம் அது. கோவிலுக்குப் போனதை நான் குறை சொல்லவில்லை, ஆனால் அன்றைக்கு முதலில் கூப்பிட்டிருக்க வேண்டியது 108. பிழைத்து வந்தாரே, அதுவே பெரிசு. இந்த வருஷம் மாலை போடுவதற்கு முன்பே பெரியாஸ்பத்திரிக்கு, அதாவது ராஜாஜி ஆஸ்பத்திரிக்கு, காலையில் போய் ஓ.பி. சீட்டு வாங்கி மனநலப் பிரிவில் காட்டுங்கள், போன வருஷம் நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லுங்கள். "நான் என்ன பைத்தியமா?" என்று குதிப்பார். குதிக்கட்டும். கை நடுங்குது, தூக்கமில்லை, அதுக்குத்தான் போறோம் என்று சொல்லுங்கள், அது பொய்யும் இல்லை.

சரி, கூட்டத்துக்கு வருவோம். உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். அந்த ஒரு மண்டலம் அவரை நிறுத்தி வைத்தது மாலை மட்டும்தானா? பார்க்கிறவர்களெல்லாம் "சாமி" என்கிறார்கள், தடுமாறினால் கேட்க ஒரு குருசாமி இருக்கிறார், கால் தானாகக் கடைப்பக்கம் திரும்புகிற அந்த ஆறு, ஏழு மணிக்கு அவர் பஜனையில் இருக்கிறார், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரும் அதே விரதக்காரர். கழற்றும்போது மாலையோடு இத்தனையும் சேர்ந்து போய்விடுகிறது. அவருக்கு வைராக்கியம் இல்லை என்று இனிமேல் யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ., மாலை இல்லாமல் வருஷம் பூராவும் நடக்கிற அந்த மாதிரிக் கூட்டம்தான். 1935-ல் அமெரிக்காவில் ஆக்ரன் என்ற ஊரில் குடியில் மாட்டிக்கொண்ட ஒரு பங்குத் தரகரும் ஒரு டாக்டரும் ஒருத்தருக்கொருத்தர் பேசித் தாக்குப்பிடித்ததில் ஆரம்பித்தது. கட்டணம் கிடையாது. எந்த மதம், என்ன சாதி என்று கேட்கமாட்டார்கள். குடியை நிறுத்தணும் என்ற ஆசை இருந்தால் போதும். அங்கே கேட்டது வெளியே போகக்கூடாது என்பதும் வழக்கம்.

யார் வேண்டுமானாலும் வரலாம் என்ற திறந்த கூட்டம் ஒன்றுக்கு நான் போயிருக்கிறேன். பள்ளிக்கூட வகுப்பறை, சின்னப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்ச், முழங்கால் இடிக்கிறது. ஒருத்தர் எழுந்து "நான் ஒரு குடிநோயாளி" என்று தொடங்கி, மகள் உண்டியலை உடைத்த கதையைச் சொன்னார். யாரும் உச்சுக்கொட்டவில்லை, புத்தி சொல்லவில்லை. அடுத்தவர் எழுந்து தன் கதையைச் சொன்னார், அவ்வளவுதான். புதிதாக வந்த ஒரு பையன் டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கடைசிவரை வாயே திறக்கவில்லை, அவனையும் யாரும் பேசச் சொல்லி இழுக்கவில்லை.

தேடுவதற்கு ஆஸ்பத்திரிதான் நல்ல இடம். மனநலப் பிரிவில் டாக்டரையோ சமூகப் பணியாளரையோ கேளுங்கள், எந்தக் கிழமை எங்கே கூடுகிறார்கள் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும். போனில் கேட்பதென்றால் அரசாங்கத்தின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, ராத்திரி பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம், காசில்லை. இடமும் நேரமும் மாறும், அதனால் கிளம்பும் முன் அந்தக் குழுவிலேயே ஒருத்தருக்குப் போன் போட்டுவிடுங்கள். முதல் நாள் வாசல்வரை வந்து கூட்டிப்போவார்கள், உங்கள் வீட்டுக்காரர் மாதிரி கூச்சப்படுகிறவருக்கு அது பெரிய உதவி. ஒரு கூட்டம் பிடிக்கவில்லை என்றால் இன்னொன்றுக்குப் போகலாம். வேறொன்று: அடைத்துவைத்து அடித்து நிறுத்துகிறோம் என்கிற ஆட்கள் வேனோடு வீட்டுக்கு வந்தால், ஏ.ஏ. பெயரையே சொன்னாலும் அனுப்பிவிடுங்கள்.

அப்புறம் உங்களுக்கும் ஒரு கூட்டம் உண்டு. குடிக்கிறவர் வீட்டாருக்கென்று 1951-ல் தொடங்கிய அல்-அனான். மதுரையில் எங்கே நடக்கிறது என்று ஏ.ஏ. ஆட்களிடமே கேட்கலாம். அவர் வரமாட்டேன் என்றாலும் நீங்கள் போங்கள். மேலூருக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று மட்டும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், கூட்டம் முடிந்தாலும் வாசலில் நின்று பேசிக்கொண்டே இருப்பார்கள்.